கண்ணை மட்டும் மறைத்த சிவப்புத் துணி

கொடைக்கானலை விட்டுப் பள்ளங்கிப் பக்கம் இறங்கும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஒரு சிவப்புத் துணி ஈரமாகக் கிடந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, பின்னால் முடிய நாடா தைத்த முகமூடி. மற்ற உடுப்பையெல்லாம் காபிக் கடையின் பின்கட்டில் கழற்றிப் போட்டுவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பியிருந்தேன். இதை மட்டும் ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுமுறையும் பார்த்தார்கள். வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், பழனியில் பஞ்சாமிர்த டப்பா அடுக்கினேன், கேரளத்தில் ரப்பர் பால் சுமந்தேன். சலித்தால் கிளம்பிவிடுவேன். வெட்கப்பட்டுக் கிளம்பியது அன்று ஒருநாள்தான்.

ஏரிச் சாலையில் இருந்த அந்தக் காபிக் கடையின் சுவரெல்லாம் பழைய காமிக்ஸ் அட்டைகள். பறக்கும் மனிதன், பல்பு பல்பாக மின்னும் இயந்திரத்தோடு நிற்கும் கிறுக்கு விஞ்ஞானி, ஜன்னலுக்குத் திரை போட்ட ராக்கெட். வாசலில் ஒரு நாயகன் நின்று கையசைத்தால் கூட்டம் வரும் என்பது முதலாளியின் கணக்கு. அந்த நாயகன் நான். ஒட்டிப் பிடிக்கும் நீலக் கால்சட்டை, அதன் மேலே சிவப்பு ஜட்டி, முதுகில் மேலங்கியாக ஒரு திரைச்சீலைத் துணி, கண்ணில் இந்த முகமூடி. இரண்டு வேளை சோறும் சரக்கறையில் படுக்கையும் கிடைத்தன. மழை பெய்தாலும் நின்றேன். வீட்டுக்குப் போன் செய்தபோது மட்டும், ரிசார்ட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

காமிக்ஸை எனக்குக் காட்டியதும் அண்ணன்தான். நான் சிறுவனாக இருந்தபோது, வத்தலக்குண்டு சந்தைக்குப் பூண்டு கொண்டுபோனால், பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் உள்ளங்கை அளவு புத்தகம் ஒன்றை வாங்கி மடியில் கட்டி வருவார். காலையில் எனக்கு இளைப்பு வந்து மூச்சு விடமுடியாமல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்து படிப்பார். அந்தப் புத்தகங்களின் கோளாறுகளே எங்களுக்குப் பிடித்திருந்தன. செவ்வாய்க் கிரகத்துக்காரன் புலவர் மாதிரி செந்தமிழ் பேசுவான். பேச்சுக் குமிழிக்குள் நம் எழுத்து கொள்ளாமல் கடைசி வரி எறும்பாகச் சுருங்கியிருக்கும். கதாநாயகியின் கைக்கு அச்சகத்தார் மையாலேயே ரவிக்கை வரைந்து விட்டிருப்பார்கள். சிவப்பு மை வரைகோட்டைத் தாண்டி ஓடி, நாயகனின் மேலங்கி நிறம் பக்கத்தில் நிற்பவன் கன்னத்தில் விழுந்திருக்கும். இரண்டாயிரமாவது ஆண்டில் எல்லோரும் பறந்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு கதை சொன்னது. அந்த ஆண்டு எப்போதோ போய்விட்டது. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் இன்னமும் படியில்தான் தொங்குகிறோம்.

“கண்ண மட்டும் மறைச்சா ஆளு தெரியாதாண்ணே? சொந்தப் பொண்டாட்டிக்குமா தெரியாது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியாமலா இருக்கும்? பாவம், மெனக்கெட்டுக் கட்டிட்டு வந்துருக்கான்னு சும்மா இருக்காங்க,” என்றார். இருவரும் இருமும்வரை சிரித்தோம்.

நான் கிளம்பிய அன்று, அந்த அண்ணன் தோளில் பூண்டு மூட்டையோடு ஏரிச் சாலையில் வந்தார். ஓட்டல்களுக்குப் பூண்டு போட வந்திருக்க வேண்டும். அப்போது மதுரைப் பையன்கள் சிலர் என் மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். “அண்ணே, பறந்து காட்டுங்கண்ணே!” “டேய், ஹீரோவுக்குக் குளிருதாம்டா, மேல போட்ட ஜட்டிய உள்ள போடச் சொல்லு!” கடைக்குள் ஓட நினைத்தேன். மேலங்கி அவர்கள் பிடியில் இருந்தது.

அண்ணன் மூட்டையை இறக்கினார். “ஏலே, அவரு வேல பாக்குறாரு. வெலகி நில்லுங்க,” என்றார். பையன்கள் போனபின் என் பக்கம் திரும்பினார். “ஏங்க, இந்தப் பக்கம் ரிசார்ட்டுல எந்தம்பி சூப்பர்வைசரா இருக்கான். பழக்கமுங்களா?”

“தெரியலைங்க,” என்றேன், குரலைத் தடிமனாக்கிக்கொண்டு.

“பாத்தா ஒரு வார்த்த சொல்லுங்க. பூண்டு புடுங்கிக் கெடக்கு, கட்ட ஆளில்ல. அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். முடிஞ்சா வரட்டும்.” மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தவர், போகிற போக்கில், “பனியில நிக்காதீங்க, உங்களுக்கு எளைக்கும்,” என்றார்.

அவர் வளைவில் மறைந்தபிறகுதான் உறைத்தது. எனக்கு இளைக்கும் என்று வழிப்போக்கனுக்கு எப்படித் தெரியும்?

பையன்கள் செய்த கேலி எனக்கு வலிக்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர் என்னை ‘உங்களுக்கு’ என்றதுதான் வலித்தது. என் பொய்யை நான் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அல்லவா அதைச் சுமந்து நின்றிருக்கிறார், பூண்டு மூட்டையோடு சேர்த்து! இன்றுவரை அவர் அதை இறக்கவில்லை. ஊரில் யாராவது கேட்டால், தம்பி சூப்பர்வைசராக இருந்தவன் என்றுதான் சொல்கிறார். நான் மறுபடி பல ஊர் சுற்றிவிட்டேன். சாயம் போன அந்த முகமூடி என் துணிப் பையின் அடியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் காது சூடாகிறது.

அன்று இரவு ஊர் எல்லையை அடைந்தும் வீட்டுக் கதவைத் தட்டத் துணிவில்லாமல் பஸ் நிழற்குடையிலேயே முடங்கிக் கிடந்தேன். பொழுது வெளுத்ததும் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் பூண்டுக் குவியலின் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியா. லீவு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்கண்ணே.”

என் கண்ணைச் சுற்றி ஒரு கணம் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை நீட்டினார். “மூஞ்சியக் கழுவிட்டு வெரசா வா. அம்புட்டையும் கட்டிப் பரண்ல தொங்க விட்டு, கெடாம இருக்கப் பொக போடணும்.”

கழுவினேன். தண்ணீர் சிவப்பாக வழிந்தது. பனியில் நனைந்த முகமூடியின் சாயம் முகத்தில் இறங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அந்த முகத்தோடே எதிரில் உட்கார்ந்து பூண்டுத் தாளைச் சேர்த்து முதல் கட்டைக் கட்டினேன். அண்ணன் நிமிராமலே அடுத்த பிடிப் பூண்டை எடுத்துக் கொடுத்தார்.