தொட்டில் கொக்கிக்கு ஒரு துளை

மழையில் ஊறிய பழைய மரத்தைத் துளைக்கும்போது புளித்த தேயிலைபோல ஒரு வாடை எழும். மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில், என் தங்கையைத் தொட்டிலில் போடுவதற்கு முதல்நாள் அந்த வாடை வீடெங்கும் நிறைந்தது. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டினால் ஆகாது என்று அப்பா அதுவரை உத்தரத்தைத் தொடவில்லை. அதன்மேல் பரண் பலகை படிந்திருந்ததால் கயிறு சுற்றவும் வழியில்லை. அடியிலிருந்து நேர்மேலாகத் துளையிட்டு, கொக்கிக் கம்பியை ஏற்றிப் பரணில் முடுக்க வேண்டும். துளை சாய்ந்து ஓரத்தில் வெளிவந்தால் உத்தரம் பிளந்துவிடும். இரண்டு வீட்டுக் கூரைகளைத் தாங்கியது அந்த ஒரே மரம்.

"அண்ணே, ஒங்க புள்ள தூங்குறதுக்கு எங்க கூரைய எறக்கிடாதீங்கலா" என்றார், எதற்கும் ஒரு 'லா' சேர்க்கும் எங்கள் ஊர்ப் பேச்சில், பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா.

நான் பரணில் குப்புறப் படுத்திருந்தேன். உத்தரத்தின் இரு ஓரங்களையும் கரிக்கோடாகவும் நடுவைச் சுண்ணாம்புப் புள்ளியாகவும் அப்பா பலகையில் குறித்திருந்தார். கீழே மேசைமேல் நின்று அவர் "துறப்பணம்" என்ற கைத்துளைக் கருவியைத் திருக, சுற்றுகளை எண்ணத் தொடங்கிய எனக்குப் பயத்தில் எண்ணிக்கை தவறியது. பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா, கருவியைக் கதவு நிலையோடு ஒப்பிட்டு, "வலப்பக்கம் சாயுதுங்க" என்றார். அப்பா திருத்தினார். "இன்னுங் கொஞ்சம்." மறுபடி திருத்தினார். கருவி இறுகியது.

அப்பா சந்தேகம் வந்து, நூலில் ஆணியைக் கட்டி நிலையோரம் தொங்கவிட்டார். அடியில் நூல் நிலையைவிட்டு இரண்டு விரல் விலகியது. மண் இறங்கிச் சாய்ந்துபோன நிலையைத்தான் இத்தனை காலம் நேரென்று நம்பியிருந்தோம்.

"இந்த வீட்ல நேரா நிக்கிறது ஒன்னு இருந்தா காட்டு."

"நீங்க நிக்கிறீங்கள்ல, திருகுங்க."

பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் மரம் தாங்காது. நூலைக் கருவியருகே கட்டிக்கொண்டு அதையே மெல்ல நிமிர்த்தித் திருகினார். பலகை கொப்புளமாக எழும்பி வெடிக்க, கூர்முனை வந்தது.

"உள்ளயா, வெளியவா?"

"உள்ளதான்பா. கோட்டுக்கு ஒரு வெரல் இருக்கு."

கொக்கியை மாட்டியதும் அப்பா அதைப் பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினார். மரம் ஒருமுறை முனகியது. அடுத்த வீட்டு அக்கா பலகைச் சுவரைத் தட்டினார். "போதும், எறங்குங்க" என்றார் அம்மா. மறுநாள் தொட்டிலில் தங்கை தூங்கி எழும்வரை, துணிக்கு அடியிலிருந்து கையை அம்மா எடுக்கவேயில்லை.

அந்த லைனை இடித்துவிட்டார்கள். உத்தரம் போன இடம் தெரியவில்லை. இப்போது பிரிஞ்சாங் ஊரில் என் கொள்ளுப்பேரன் தூங்குவது இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலில். பிள்ளையைப் போடுமுன் ஒவ்வொரு முறையும் நான் அதை இழுத்துப் பார்க்கிறேன். "விழாதுலா தாத்தா" என்று பேத்தி சிரிக்கிறாள். அவள் உள்ளே போனதும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.