போ என்றால் மரியாதை

‘பிலிப்பைன்ஸ் டாக்டரு’ என்று எங்கள் ஊரில் என்னைச் சொல்லும்போது கடைசியில் ஒரு சிரிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே இடம் கிடைக்காமல் பிளேன் ஏறிப் போனவன் என்று பொருள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போனேன், கடல் தாண்டியும் போனேன். அதற்காக யாரிடமும் தலை குனிய மாட்டேன்.

படிப்பை முடித்துத் திரும்பியவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க ஒரு தேர்வில் தேற வேண்டும். அதற்குப் படித்துக்கொண்டு, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டத்து வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலை சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தப் பொட்டுகள். பூனை எதையோ அடித்துவிட்டது என்றாள் அம்மா. நான் அப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். செடிக்குக் கொம்பு கட்டும் கம்பித் துண்டு ஒன்று உள்ளே ஏறியிருந்தது.

“வலிக்கலயாப்பா?”

“வலிச்சா தெரியாதா? கல்லு மாதிரி காலுடா இது. கம்பி கிம்பியெல்லாம் ஒண்ணும் பண்ணாது.”

பெருமையாகச் சொன்னார். பல வருடச் சர்க்கரை. வலிக்காததுதான் வியாதி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்தேன். சுடுகல்லை மிதித்தவர்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காப்பி குடிக்க வந்திருந்த பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“நல்லாருக்குதுடா! டாக்டருக்குப் படிச்சவன் கீழ குந்திக்கிட்டு கால் கழுவறான். சீட்டு எழுதிக் குடுக்கறவன்தான டாக்டரு?”

“சீட்டு எழுத எனக்கு இன்னும் அனுமதி இல்லீங்க பெரியப்பா. கால் கழுவ யார் அனுமதியும் வேணாம்.”

மறுபடி காலை எடுத்து மடியில் வைத்தேன். இந்தமுறை அப்பா இழுக்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிலிப்பைன்ஸில் நான் படித்த ஆஸ்பத்திரியில் என் வயதுள்ள ஒரு நர்ஸ் இப்படித்தான் ஒரு மீனவரின் கட்டிலடியில் குந்தியிருப்பாள். விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்துக்கொண்டே பேசுவாள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ‘போ’ வரும். குட்மார்னிங் போ. சாப்பிட்டாச்சா போ. வந்த புதிதில், நோயாளிகளை ஏன் இப்படி விரட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெரியவர்களிடம் பேசும்போது அந்த ஊர்க்காரர்கள் சேர்க்கிற மரியாதைச் சொல் அது. நாம் ‘ங்க’ போடுகிற இடத்தில் அவர்களுக்குப் ‘போ’.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒருமுறை வீடியோ காலில் அப்பாவுக்கு, “குட்மார்னிங் போ” என்றார்.

“யார்றா அவன், என்னயப் போங்கறான்? நானா அவன் வூட்டுக்குப் போயி நிக்கறேன்?” என்று அப்பா கத்தினார். விளக்கம் சொன்ன பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம், “சாப்புடுங்க போ” என்பாள்.

அங்கேயும் நோயாளிகள் எதைச் சொன்னாலும் ‘ஓப்போ’ என்று தலையாட்டுவார்கள். சரிங்க என்று அர்த்தம். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் அந்த நர்ஸ் அவர்களையே செய்துகாட்டச் சொல்வாள். அப்பாவும் ஓப்போ ஜாதிதான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் கம்பியை எடுத்துக் கட்டுப் போட்டபோது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதற்கும், “சரிங்க” என்று தலையாட்டினார்.

நான் விடவில்லை. தினமும் காலையில் அம்மாவின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் அடிப்பாதத்தைக் காட்டிப் புண் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்வேன்.

“என்ன தெரியுது?”

“என் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல.”

புண் ஆறிவிட்டது. ஆனால் இனி வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அடுத்த நாற்று நடும் வேளை வந்தபோதுதான் சிக்கல். எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். நிலம் சாமி. பின்வார் வைத்த மெத்தைச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்பா அதை வரப்பு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கழற்றி வைத்துவிட்டு, கம்பியும் கொம்பும் கிடக்கிற மண்ணில் வெறுங்காலோடு இறங்கினார்.

“நெலம் சாமின்னா, அந்தச் சாமி உங்க வெரலயாப்பா கேக்குது?” என்று அன்று கேட்டேன். அப்பா கிடந்த கொம்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை நடவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரியப்பா வரப்பில் நின்றார். நான் என் செருப்போடு பாத்திக்குள் இறங்கினேன். ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, “ஐயோ சாமி!” என்று வாயில் கை வைத்தாள். படித்த திமிர் என்று பெரியப்பா ஆரம்பித்தார். திமிர்தான். அந்தக் காலில் விரல் ஐந்தும் இருக்க வேண்டும் என்கிற திமிர்.

அப்பா வரப்பின் நுனியில் நின்றார். குனிந்து செருப்பின் வாரில் கை வைத்தார். கழற்றப் போகிறார் என்றே நினைத்தேன். வாரை இறுக்கிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

“டேய், கழட்டுடா! பொறந்ததுலேர்ந்து இல்லாத பழக்கம்,” என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார் பெரியப்பா.

“அண்ணா, போ.”

பெரியப்பாவிடம் ‘ங்க’ போடாமல் அப்பா பேசி யாரும் கேட்டதில்லை. நடவே நின்றுபோனது.

“என்னையாடா போங்கற?”

“மரியாதையாத்தாங்க சொன்னேன். இவன் படிச்ச ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க.”

நாற்றுத் தட்டைத் தூக்கிவந்த அம்மா சிரிப்புத் தாங்காமல் தட்டோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஈர மண்ணில் அப்பாவின் ஒரு செருப்பு புதைந்து மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினார். மண்ணை உதறினார். மறுபடி காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.