கூடத்துக்குப் போன மீசான் கல்

சூலியா தெருவின் பின்சந்தில் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் பிழைத்தவள் காமாரியா. தகப்பன் நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், தாய் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவ் மலாய்க்காரி. நிறம் தாயிடமிருந்து வந்தது, வாய் தகப்பனிடமிருந்து வந்தது என்று தெருவில் சொல்வார்கள். மெத்தைக்கு விலை பேச வருகிறவர்கள் ஒரு அடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள்.

அவள் புருஷன் காஜா மொய்தீன் தொங்கான் ஓட்டியவன். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றின் சரக்கை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வரும் அகலமான படகுதான் தொங்கான். ஒரு மழைக்காலத்தில் எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்கு அரிசி ஏற்றிப் போன தொங்கான் காற்றில் கவிழ்ந்தது. கூட இருந்த அர்ஜுனனை மிதந்த பலகை ஒன்றில் தள்ளி ஏற்றிவிட்டு, காஜா மொய்தீன் தண்ணீரோடு போய்விட்டான். மறுநாள் உடல் கிடைத்தது. கப்பல்காரர்கள் கட்டிய சின்னப் பள்ளிவாசலை ஒட்டியிருந்த மையவாடியில் அடக்கினார்கள்.

தொங்கான்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவனை அடக்கிய கபுரின் தலைமாட்டில் ஒரு மீசான் கல் செய்து நட்டார்கள். ஒரு பக்கம் தமிழிலும் அரபு எழுத்திலும் அவன் பெயர். மறுபக்கம் பாய் விரித்த ஒரு கப்பல். கபுருக் கல்லில் படம் எதற்கு என்று பள்ளிவாசல் லெப்பை முணுமுணுத்தார். தொங்கான்காரர்கள் காதில் வாங்கவில்லை. அந்தக் கப்பல் அவர்களுக்கு அவனுடைய மேல்விலாசம்.

வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் காமாரியா அங்கே போவாள். யாசீன் ஓதுவாள். பிறகு அந்த வாரத்தில் யார் யாரோடு சண்டை போட்டாள், எதற்குப் போட்டாள் என்பதையெல்லாம் கல்லிடம் சொல்லிவிட்டு வருவாள். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் மகள் ரோஹானாவின் பிரசவத்துக்காகப் பாலிக் புலாவுக்குப் போனாள். பிள்ளை நோஞ்சானாய்ப் பிறந்ததால் உடனே திரும்ப முடியவில்லை. சில மாதம் கழித்துப் பட்டணத்துக்கு வந்து, வந்த வாரத்து வியாழக்கிழமையே மையவாடிக்குப் போனாள். மையவாடி இல்லை. சுற்றுச்சுவர் இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு வாடை மாறாத கடை வரிசை நின்றது. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி மூலைக்கு நேரே, அவள் உட்கார்ந்து ஓதும் இடத்தில், ஒரு சீனனின் அரிசிக் கடை. கூரை முட்ட மூட்டைகள்.

அங்கிருந்து நேரே முத்தவல்லி சீனி முகம்மதுவின் வீட்டுக்கு நடந்தாள். பள்ளிவாசல் நிலங்கள் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அவர் சாய்வு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"நானா, எம் புருஷன் எங்கே?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உக்காரு தங்கச்சி. அங்கே அடக்கம் பண்றத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. பள்ளிக்கும் வருமானம் வேணுமில்ல. யாரையும் தோண்டலே. மேல மண்ணப் போட்டுச் சமன் பண்ணுனோம், அவ்வளவுதான். ஜமாத்துல பேசித்தான் செஞ்சோம்."

"எங்கிட்ட யாரு பேசினா?"

"நீ ஊர்ல இல்லையே."

"அவரு ஊர்லதானே இருந்தாரு. எங்கேயும் போகலையே."

சீனி முகம்மது இன்னொரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார்.

"கல்லு எங்கே?"

"கல்லெல்லாம் கடைக்காலுக்குப் போட்டாச்சு. கல்லுதானே லா, விடு. துஆ எங்கேருந்து செஞ்சாலும் போய்ச் சேரும்."

காமாரியா அழவில்லை. வீட்டுக்கு வந்து, பாதியில் நின்ற மெத்தையை இழுத்துப் போட்டுத் தைத்தாள். அந்த வாரம் அவள் கையில் ஊசி ஊசியாக ஒடிந்தது. அவள் தைத்துக் கொடுத்த மெத்தை பலகை மாதிரி இருக்கிறது என்று ஒருவன் திருப்பிக் கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கல் இருக்கும் இடத்தைச் சொன்னவள் நவமணி, அர்ஜுனனின் பெண்சாதி. படகு கவிழ்ந்த பிறகு அர்ஜுனன் கடலில் கால் வைக்கவில்லை. கடலோரமாய்ப் போகும் சடக்கில் ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்தான். அந்தப் பங்களாவின் கீழ்த்தளத்தில்தான் சில துரைமார்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் சேர்ந்து ஒரு கலைக்கூடம் திறந்திருந்தார்கள். கடற்கரை மக்களின் பழம்பொருள்களை ஊருக்குக் காட்டுவதாகப் பேச்சு.

"அக்கா, அவரு கண்ணால பாத்தாராம்," என்றாள் நவமணி. "அந்தக் கப்பல வேற யாரு கல்லுல போட்டிருக்கா? பாத்துட்டு வந்து மனுஷன் சோறு திங்கல."

மறுநாளே இருவரும் போனார்கள். கூடத்தில் கிரிஸ் கத்திகள் இருந்தன. அச்சேக்காரர்களின் பட்டு, தோல்பொம்மைகள், பாபா சீனர் வீட்டுப் பீங்கான், ஒரு சீனப் பாய்மரக் கப்பலின் சின்ன உருவம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில், சன்னலுக்குப் பக்கத்தில், சிவப்பு வெல்வெட்டு விரித்த மேடைமேல் காஜா மொய்தீனின் கல் நின்றது. கப்பல் முன்னால் பார்த்தது. பெயர் சுவரைப் பார்த்தது.

கீழே ஓர் அட்டையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. கூடத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் படித்துச் சொல்லச் சொன்னாள்.

"தமிழ் மாலுமியின் கல். சீனி முகம்மது அவர்கள் அன்பளிப்பு. அவ்வளவுதாம்மா."

"வேற பேரு எதுவும் இல்லையா?"

"இல்லம்மா."

காமாரியா கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கையை நுழைத்தாள். விரல் நுனியில் எழுத்துகள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள்.

"தொடக் கூடாதுக்கா," என்று காவலுக்கு இருந்த பக்கிரிசாமி ஓடி வந்தார்.

"நான் தொடக் கூடாதா? இது எம் புருஷன் கபுருல இருந்த கல்லு. தொடக் கூடாதவன் தொட்டுத் தூக்கிட்டு வந்துருக்கான். அவன் வந்தப்ப நீங்க எங்கே போயிருந்தீங்க?"

காமாரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெல்வெட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து யாசீன் ஓத ஆரம்பித்தாள். சத்தமாகவே ஓதினாள். கூடத்துக்குள் வந்த ஒரு வெள்ளைக்காரி குடையை ஊன்றிக்கொண்டு நின்று, தலையைச் சாய்த்து ரசித்துப் பார்த்தாள். இவளையும் காட்சிக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருந்தது. கூட வந்த தன் புருஷனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். காமாரியாவின் கழுத்து நரம்பு புடைத்ததை நவமணி பார்த்தாள். ஆனால் ஓதல் அறுபடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காமாரியா பூவும் தண்ணீர்ச் செம்பும் ஊதுபத்தியும் கொண்டு வந்தாள். கபுருக்கு ஊற்றுவது போலக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வெல்வெட்டுச் சாயம் கரைந்து தரையில் ஓடியது. அதற்கடுத்த வாரம் அந்த மையவாடியில் தங்கள் ஆளை அடக்கியிருந்த மற்றப் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கல்லும் இல்லாததால் இந்தக் கல்லின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நவமணி ஓரமாக நின்று எல்லோருக்கும் செருப்புக் காவல் பார்த்தாள்.

கூடத்தின் செயலாளரான துரை மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"இது பொது இடமாம். இப்படியெல்லாம் செய்யக் கூடாதாம்."

"மையவாடியும் பொது இடந்தான்னு சொல்லு."

"மாத்தாவைக் கூப்பிடுவேன்னு சொல்றாரும்மா."

"கூப்பிடச் சொல்லு. மாத்தா வந்து இங்கே யாரு திருடன்னு கேக்கட்டும். நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

துரை போலீசைக் கூப்பிடவில்லை. சீனி முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினார்.

காமாரியாவின் சந்துக்குள் முத்தவல்லி அதற்கு முன்னால் வந்ததே இல்லை. பஞ்சு பறந்த திண்ணையோரத்தில் வேட்டி அழுக்காகாமல் நின்றுகொண்டு பேசினார்.

"என் மானத்த வாங்குறே தங்கச்சி. துரைமாரு முன்னாடி தலை காட்ட முடியல."

"கடைக்காலுக்குப் போச்சுன்னு சொன்னீங்க நானா."

"உனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்."

"அட்டையில உங்க பேரப் போட்டுக்கிட்டதும் அதுக்குத்தானா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, ஒண்ணு செய்வோம். கல்லத் திருப்பி வைக்கச் சொல்றேன், பேரு தெரியுற மாதிரி. புது மையவாடில ஒரு சலவைக்கல்லும் போட்டுத் தர்றேன். அதோட விட்டுரு. பொம்பளைங்க கபுருக்குப் போறதே கூடாதுன்னு இப்ப பெரிய பெரிய ஆலிமெல்லாம் சொல்றாங்க, தெரியுமில்ல?"

காமாரியா ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"புது மையவாடில யாரு படுத்திருக்கா நானா, சலவைக்கல்லு போட? எம் புருஷன் மேல அரிசி மூட்டை அடுக்கி வச்சிருக்கீங்க. அரிசி ஏத்திட்டுப் போயித்தான் அவரு மவுத்தானாரு. செத்தப்புறமும் அத இறக்கி வைக்க விடமாட்டேங்கறீங்க. கபுருக்குப் பொம்பளை போகலாமா கூடாதான்னு ஆலிமுகிட்ட கேட்டீங்களே, கபுரு மேல கடை கட்டலாமான்னு கேட்டீங்களா?"

சந்துக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முத்தவல்லி குடையை விரித்துக்கொண்டு போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

வாரா வாரம் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன கூடத்தார், கல்லைக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீனி முகம்மது அதைத் தன் கொல்லைக் கிணற்றடியில் போட்டு வைத்தார். செய்தி தெரிந்ததும் காமாரியா அர்ஜுனனையும் பழைய தொங்கான்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு போனாள். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டவர் அவர் மனைவி சித்தி ஆயிஷா. வண்டி வெளியேறியதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரிசிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே மலாய் பேசுவார். காமாரியா அவரிடம் மலாயிலேயே விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடிக்கும்போதே தவுக்கே குனிந்து தன் கால் நின்ற தரையைப் பார்த்தார்.

"இங்கேயா? இதுக்குக் கீழேயா? இத்தனை நாள் நான் இங்கே உக்காந்துதானே சோறு தின்னேன். எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

அன்றைக்கே மூட்டைகளை வெளியேற்றச் சொன்னார். மூட்டை இறங்க இறங்க அவர் கோபம் ஏறியது. முத்தவல்லியின் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி திட்டித் தீர்த்துவிட்டு வந்தார். பிணத்தை மறைத்து இடத்தை வாடகைக்கு விட்டவனை அவர் என்னென்ன வார்த்தையால் திட்டினார் என்பதைத் தொங்கான்காரர்கள் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். போவதற்கு முன்னால் அந்தத் தரையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

காலியான கடையின் தரையைப் பெயர்த்துத் தொங்கான்காரர்கள் கல்லை நட்டார்கள். இந்தத் தடவை பெயர் சடக்கைப் பார்த்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் அதில் கை வைக்கச் சீனி முகம்மதுவுக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கடையை வாடகைக்கு எடுக்கவும் யாரும் வரவில்லை.

ஆனால் மற்றக் கடைகள் அப்படியே இருந்தன. மற்றவர்களின் கல்லெல்லாம் நிஜமாகவே கடைக்காலுக்குப் போய்விட்டது. அவற்றில் கப்பல் இல்லை. அதனால் எந்தத் துரையும் வேண்டுமென்று கேட்கவில்லை. காமாரியா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கீழே ஆள் கிடக்கிறது என்று சொன்னாள். இரண்டொருவர் காலி செய்தார்கள். மற்றவர்கள் அவளைக் கண்டதும் உள்ளே போய்விடப் பழகிக்கொண்டார்கள்.

"கல்லுதான் வந்துருச்சேக்கா," என்றாள் நவமணி ஒரு நாள். "இன்னும் என்ன கோவம்?"

"வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் நவமணி. நெசமா. அவரு கப்பல நாலு பேரு பாக்கட்டுமேன்னு நானே கொண்டுபோய் வச்சிருப்பேன். ஒருத்தன் கேக்கலையே."

அதன் பிறகும் அவள் கலைக்கூடத்துக்குப் போவதை விடவில்லை. ஜனங்களுக்குத் திறந்துவிடும் நாளில் மெத்தை வேலையை நிறுத்திவிட்டுப் போவாள். பட்டுக்கு முன்னால் நிற்பாள், பொம்மைகளுக்கு முன்னால் நிற்பாள். பக்கிரிசாமியைக் கூப்பிடுவாள்.

"அண்ணே, இந்தப் பொம்மை யாரோடது?"

"தெரியாதுக்கா."

"இந்தக் கத்தி?"

"அட்டையில குடுத்தவங்க பேருதான் இருக்கு."

"வச்சிருந்தவன் பேரக் கேளுங்க. மாடியில இருக்காருல்ல, அவருகிட்ட போய்க் கேளுங்க. நான் நிக்கிறேன்."

பக்கிரிசாமி முதலில் தயங்கினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி ஏறினார்.