கணக்குல மட்டும் போனவங்க

டுடோரியல்ல கணக்கு சொல்லித் தர்றதுங்கிறது, நாலு பேர் கிண்டி அடிப்பிடிக்க வச்ச உப்புமாவை நம்ம கையில குடுத்து, இதை எப்படியாவது சாப்பிடற மாதிரி பண்ணுங்கன்னு சொல்ற வேலை. கிழக்கு தாம்பரத்துல ஒரு செருப்புக் கடைக்கு மேல மாடியில எங்க டுடோரியல். பத்தாவதுல கணக்கு மட்டும் போனவங்க, வேலை முடிஞ்சு சாயங்காலம் வருவாங்க. பதினெட்டு வயசுப் பையனுக்கும் நான் மிஸ், நாப்பது வயசு ஆளுக்கும் நான் மிஸ். கணக்கு பீரியட்ல தலையைக் குனிஞ்சு உக்காந்து, வாத்தியார் கண்ணுல படாம தப்பிச்சவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, இது உங்களுக்குத்தான். உங்க மண்டையில ஒரு கோளாறும் கிடையாது. படிச்ச விதம்தான் கோளாறு.

புரிஞ்சுது மிஸ்

தேவகி வந்து சேர்ந்தப்போ பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருந்தது. வீடு மாடம்பாக்கம். வேலை நாவலூர்ல ஒரு ஐ.டி. ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங். அங்க சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகுது, பத்தாவது பாஸ் பண்ணிட்டு வா, உனக்குத் தர்றேன்னு அவங்க மேனேஜர் சொல்லியிருக்காங்க. தேவகி தனித்தேர்வரா எழுதி மத்த பாடமெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் ரெண்டு வாட்டி போச்சு. இந்த வாட்டியும் போனா, மேனேஜர் காத்திருக்க மாட்டாங்க, வேலை வேற ஆளுக்குப் போயிடும்.

முதல் வாரம் எதைச் சொல்லிக் குடுத்தாலும், நான் வாயை மூடறதுக்குள்ள 'புரிஞ்சுது மிஸ்'. சரி, போர்டுல வந்து போடுங்கன்னா, சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறது. எனக்குக் கோபம் சுர்ருன்னு ஏறும். அன்னிக்கே ஒரு சட்டம் போட்டேன்: இந்த ரூம்ல 'புரிஞ்சுது'ன்னு யாரும் சொல்லக் கூடாது, வந்து போட்டுக் காட்டணும். சொல்லித் தர்றவங்களுக்கும் இதேதான். 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டு நம்ம மனசை நாமே சமாதானப்படுத்திக்கக் கூடாது. 'ஏம்மா, புரியலன்னா புரியலன்னு சொல்றதுக்கு என்ன?'ன்னு தேவகிகிட்ட கேட்டேன். சாக்பீஸை மேஜையில வச்சுட்டு சொன்னாங்க:

"ஆபீஸ்ல புரியலன்னு சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க மிஸ். அதான் வாய் தானா சொல்லுது."

அ, இ, இ, ஆ, ஈ

எங்க வகுப்புல லோகுன்னு ஒருத்தன். சேலையூர்ல செல்போன் கடையில வேலை, வாய் மட்டும் பத்து ஆளுக்குச் சமம். ஒரு மார்க் கேள்வியில பிச்சு உதறுவான். ஒருநாள் அவன் ரிவிஷன் பண்றதைப் பின்னாடி நின்னு கேட்டேன். 'மூணாவது பாடம்: அ, இ, இ, ஆ, ஈ…' கேள்வியும் கிடையாது, விடையும் கிடையாது. புத்தகத்துல இருக்கிற ஆப்ஷன் எழுத்தை வரிசையா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான் மகராசன்.

மறுநாள் அதே கேள்விங்களை எடுத்து, விடைங்களை மட்டும் இடம் மாத்தி டெஸ்ட் வச்சேன். லோகு முட்டை வாங்கினான். பாவமாத்தான் இருந்தது. ஆனா அவ்வளவு எழுத்தை வரிசை மாறாம ஞாபகம் வச்சிருக்கிறவனுக்கு ஒரு சூத்திரம் நிக்காதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். இதை அவன்கிட்டயே சொன்னேன். அவன் பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு முறைச்சான்:

"கொஸ்டின மாத்துனாகூட ஓகே மிஸ். ஆப்ஷன மாத்துறது போங்கு ஆட்டம்."

முக்கியமான கேள்வி

டுடோரியல் நடத்தறவரை நாங்க பிரின்சிபால்னு கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனா பயந்தவர். பக்கத்துத் தெரு டுடோரியல்ல இருபது 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' அச்சடிச்சுக் குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து அவருக்கு இருப்பு கொள்ளல. 'நீங்களும் ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா'ன்னு நின்னார். முடியாதுன்னேன். அந்த இருபதுல பதினெட்டு வராமப் போனா, பரீட்சை ஹால்ல உக்காந்து முழிக்கப் போறது அவரா, நானா?

நான் பண்ணினது வேற. முதல்ல வடிவியலும் வரைபடமும். பெரிய மார்க் அதுலதான். கை பழகிட்டா பயம் போயிடும். அப்புறம் வகுப்பு ஆரம்பிச்சதும் பத்து நிமிஷம் எல்லாரும் புத்தகம், நோட்டு எல்லாத்தையும் மூடிடணும். வெள்ளைத் தாள்ல நேத்து நடத்தினதை ஞாபகத்துலேர்ந்து எழுதணும். திரும்பத் திரும்ப வாசிக்கிறது சுகமா இருக்கும், எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். மூடி வச்சு எழுதிப் பாத்தாதான் வண்டவாளம் வெளிய வரும். முதல் நாள் தேவகி தாள்ல அவங்க பேர் மட்டும்தான் இருந்தது. மூணு பேர் பக்கத்துத் தெருவுக்கே போயிட்டாங்க. பிரின்சிபால் காலி நாற்காலியை ஒவ்வொண்ணா பாத்துட்டு என்கிட்ட வந்தார்:

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா நியாயத்தை போர்டுல எழுதி வாசல்ல மாட்ட முடியாதே."

கதவுக்குப் பின்னாடி

தேவகிக்கு வீட்ல படிக்க நேரமே கிடையாது. காலையில கம்பெனி வேன், சாயங்காலம் வகுப்பு, அப்புறம் சமையல். உக்காந்து ஒரு மணி நேரம் படிங்கன்னு நான் சொன்னா, அது அவங்களை நக்கல் பண்ற மாதிரி ஆயிடும். 'வேலையில மணிக்கொரு தடவை கட்டாயமா பண்ற விஷயம் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டேன். இருந்தது. ரெஸ்ட்ரூமை சுத்தம் பண்ணிட்டு, கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற தாள்ல ஒவ்வொரு மணிக்கும் கையெழுத்துப் போடணும். சரி, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு சூத்திரம், புத்தகம் பாக்காம வாய்விட்டுச் சொல்லுங்கன்னேன். வரலன்னா அடுத்த மணிக்கும் அதே சூத்திரம்தான்.

ரெண்டு வாரத்துல அந்த வெள்ளைத் தாள் நிரம்ப ஆரம்பிச்சுது. எனக்கு சந்தோஷம் தாங்கல, காட்டிக்கல. அப்புறம்தான் தேவகி ஆபீஸ் கதையைச் சொன்னாங்க. கூம்போட கன அளவு மட்டும் பிடிவாதமா வராம படுத்தியிருக்கு. கதவைப் பாத்துக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, 'மூணுல ஒண்ணு, மூணுல ஒண்ணு, எத்தினி வாட்டி சொல்றது ஒனக்கு'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. கை கழுவ வந்த ஒரு சாஃப்ட்வேர் பொண்ணு பயந்துபோய் கேட்டுதாம்:

"அக்கா, யாரைத் திட்டுறீங்க?"

இன்னொரு பேப்பர்

பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடி மாதிரித் தேர்வு வச்சேன். தேவகி இருபத்தாறு. பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும். அன்னிக்குன்னு பாத்து, அந்த சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஒரு பொண்ணோட சர்டிபிகேட்டை மேனேஜர் வாங்கிப் பாத்தாங்களாம். தேவகி பேப்பரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, பையை எடுத்துக்கிட்டு படி இறங்கிட்டாங்க. நான் பாட்டுக்கு முக்கியக் கேள்வி தர மாட்டேன்னு வீராப்பு பேசிட்டேன், போகப் போறது அவங்க வேலை.

பின்னாடியே இறங்கிப் போனேன். செருப்புக் கடை வாசல்ல நின்னு அழுதுக்கிட்டிருந்தாங்க. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அங்கயே பேப்பரைப் பிரிச்சு, போன மார்க்கை எல்லாம் சுழிச்சுக் காட்டினேன். பாதிக்கு மேல ஒரே தப்பு: மைனஸ் எண்ணை அடைப்புக்குறிக்கு வெளிய எடுக்கும்போது குறியை மாத்தாம விட்டது. 'உங்களுக்குக் கணக்கு வராதுன்னு இல்ல தேவகி, இந்த ஒரு இடம் வரல. இனிமே புதுசா எதுவும் வேண்டாம், தப்பாப் போட்டதை மட்டும் மறுபடி மறுபடி போடுவோம்'னேன். கடைக்காரர் எங்க ரெண்டு பேரையும் வினோதமா பாத்துக்கிட்டிருந்தார். தேவகி முந்தானையில முகத்தைத் துடைச்சாங்க:

"திட்றதுன்னா மேல வந்து திட்டுங்க மிஸ். அப்டியே இன்னொரு பேப்பரும் குடுங்க."

முப்பத்தெட்டு

பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு தேவகி நேரா டுடோரியலுக்குத்தான் வந்தாங்க. எப்படி எழுதினீங்கன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே கேள்வித்தாளை விரிச்சு, 'இது சரி, இது பாதி, இது தப்பு மிஸ், எழுதி முடிச்சப்பறம்தான் தெரிஞ்சுது'ன்னு வரிசையா சொன்னாங்க. போன ரெண்டு வாட்டி எது சரி, எது தப்புன்னே தெரியாம வெளிய வந்தவங்க இவங்க. எனக்கு அங்கயே தெம்பு வந்துடுச்சு. கூட்டிப் பாத்து 'முப்பத்தெட்டு'ன்னாங்க.

ரிசல்ட் வந்தது. லோகு ஐம்பத்தொண்ணு, தெருவுக்கே சாக்லேட் குடுத்தான். தேவகி முப்பத்தேழு. போன்லயே நான் கத்திட்டேன், பிரின்சிபால் பதறி ஓடி வந்தார். மேனேஜர் வாக்கு மாறல, ஒண்ணாம் தேதிலேர்ந்து சூப்பர்வைசர் வேலை தேவகிக்குத்தான். சாயங்காலம் கேக் வாங்கி வச்சு உக்காந்திருந்தேன். தேவகி வந்தாங்க, கேக்கைத் தொடல, மறுகூட்டலுக்கு எங்க அப்ளை பண்ணணும்னு கேட்டாங்க. 'அதான் பாஸாயிட்டீங்களே, ஒரு மார்க்தானே, விடுங்க தேவகி'ன்னேன். என்னை நிமிர்ந்து பாத்தாங்க:

"வேலைக்கு முப்பத்தஞ்சு போதும் மிஸ். ஆனா அந்த ஒரு மார்க் நான் போட்டது, அத நான் இன்னாத்துக்கு வுடணும்?"

நாம ஒழுங்கா வேலை பாத்தா வந்தவங்க பாஸாகி, திரும்ப நம்ம பக்கமே வர மாட்டாங்கன்னு தெரிஞ்சும், அதுக்காகவே தொண்டை கிழியக் கத்தற தொழில் இது.