கீழிருந்து படித்த பட்டியல்

இன்று காலை பேத்தி செல்வியோடு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போனேன். இடம் கிடைத்தவர்களின் பெயர்களை மார்க் வரிசையில் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கல்லூரியே வைத்த நுழைவுத் தேர்வில் செல்விக்கு மார்க் குறைவு. பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்களே பாத்துட்டு வாங்க தாத்தா."

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. மேலிருந்து ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் கடைசிப் பெயரில் விரலை வைத்தேன்.

மகனுக்காக வந்திருந்த ஒருவர் சிரித்தார். "பெருசு, மேலருந்து படிங்க."

"எங்க புள்ள கீழதான்யா இருப்பா."

செ... ல்... வி. பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர்!

அவர் எட்டி மார்க்கைப் பார்த்தார். "இம்புட்டு மார்க்குக்கெல்லாம் சீட்டா?"

"கிராமத்துப் பிள்ளைகளுக்குன்னு கொஞ்சம் எடம் வச்சிருக்காக தம்பி. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசமா கணக்கு வாத்தியாரே கெடையாது. ஒங்க மகனுக்கு எத்தன டியூசன்?"

"மூணு."

"அடேயப்பா, மூணு வாத்தியாரா! எங்க ஊருக்கு ஒருத்தர அனுப்பியிருக்கலாம்ல?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாசலுக்கு வேகமாக வந்தேன். "கெடச்சிருச்சு ஆத்தா!"

"எத்தனாவது தாத்தா?"

"நான் படிச்சதுல மொதப் பேரு ஒன்னோடதுதான்."

உச்சியில் யார் பெயர் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் நான் படிக்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையையும் வாழ்த்திவிடுவோம்.