புஸ்பம் அடைத்த வீடு

புஸ்பத்தின் வீடு வாவியின் மேற்கே படுவான்கரையில், தண்ணீருக்கும் ஆட்கள் நடக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் இருந்தது. கலியாணமான வருசமே அவளுடைய புருசன் சீனித்தம்பி அதைக் கட்டினான். கல்வீட்டுக்கு வசதியில்லை. முதிரை மரத் தூண்கள் நட்டு, மேலே குறுக்கு மரமாகத் தீராந்தி ஏற்றி, மூலைக்கு மூலை தூணையும் தீராந்தியையும் சாய்வுச் சட்டத்தால் பிணைத்தான். அந்தச் சட்டங்களுக்கு மட்டும் முதிரை போதவில்லை. தென்னஞ் சலாகைதான் கிடைத்தது. சுவருக்குக் கம்புகளால் வரிச்சுக் கட்டி மண் பூசினான். சுவருக்கும் கூரைக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரு முழம் திறந்து விட்டான். வாவிக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். பங்குனி வெயிலிலும் அந்த வீட்டுக்குள் நிம்மதியாகப் படுக்கலாம்.

1990 ஆவணியில், ஒரு விடிகாலை, துவக்கோடு சிலர் வந்து அவனைக் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அடுத்த கிழமையே புஸ்பம் மண் குழைத்தாள். உரச் சாக்குகளை மடித்து, ஒழுங்கைப் பக்கத்துத் திறப்பில் திணித்து, மேலே மண் அப்பினாள். பிறகு வாவிப் பக்கத்தையும் அடைத்தாள். இருந்த ஒரேயொரு யன்னலுக்கும் பலகை அடித்தாள். மகள் அன்னப்பூரணிக்கு அப்போது ஆறு வயது. "இருட்டா இருக்கும்மா" என்று அழுதாள். "விளக்குக் கொளுத்துவம் மனே" என்றாள் புஸ்பம்.

சீவியத்துக்கு நெல் அவித்துக் குத்தி அரிசி விற்றாள். வெளியில் அடுப்பு மூட்டப் பயம். புகையைக் கண்டால் ஹெலிகொப்டர் சுற்றி வந்து சுடும் என்று ஊரில் கதை. அதனால் வீட்டுக்குள்ளேயே அடுப்பில் பெரிய கிடாரம் ஏற்றினாள். ஆவிக்குப் போக வழியில்லை. கூரையின் தென்னோலைக் கிடுகில் முட்டி, சுவர் வழியாக வழிந்து இறங்கியது. மாரியில் சுவரைத் தொட்டால் கை நனைந்தது. இரண்டாம் மாரியில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. நெஞ்சு கீச்சிட, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். புஸ்பம் முதுகை நீவிவிடுவாள். சுவரைப் பார்க்கமாட்டாள்.

1993 மார்கழியில் மூன்று நாள் விடாமல் மழையும் காற்றும் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வாவிப் பக்க மூலையில் முறிகிற சத்தம் கேட்டது. சாய்வுச் சட்டம் அடியோடு கழன்று விழுந்தது. அதை மிதித்துப் பார்த்தாள், ஈரப் பஞ்சைப் போல் நசிந்தது. கண்ணுக்கு முன்னால் தூண்கள் ஒழுங்கைப் பக்கம் சரிந்தன. கதவைத் திறக்கப் போனாள். நிலை கோணியதில் கதவு இறுகிவிட்டது. யன்னலில் அவளே அடித்த பலகை.

"உலக்கையக் கொண்டா மனே!"

உலக்கையின் ஒரு முனையை நிலத்தில் ஊன்றி, மறுமுனையைச் சரிகிற தீராந்திக்குக் கீழே கொடுத்தாள். அது வழுக்கியது. தோளால் முண்டு கொடுத்துக்கொண்டு நின்றாள். அன்னப்பூரணி கீழ் முனையைக் கட்டிப் பிடித்தபடி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். காற்று தணியும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். சத்தம் கேட்டு வந்த அயல் சனம் யன்னல் பலகையைக் கழற்றி அவர்களை வெளியே எடுத்தது.

மறுநாள் இளையதம்பி ஓடாவி வந்தார். தச்சு வேலைக்கு அந்தப் பக்கத்தில் அவர்தான். சீமெந்தும் இரும்பும் வாவித் துறை தாண்டி வர ஆமி தடை போட்டிருந்த காலம். சட்டத்தை இறுக்க ஆணியும் கிடைக்காது. பாலைமரச் சட்டத்தோடும் மர முளைகளோடும் வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். மற்ற மூன்று மூலைச் சட்டங்களிலும் உளியைக் குத்தினார். மூன்றிலும் உளி இறங்கியது.

"தூண் வைரமா நிக்குது. சட்டமெல்லாம் அவிஞ்சு போச்சு. புதுசு போட்டாலும் ஈரம் போக வழியில்லாட்டி ரெண்டு மாரிதான் தங்கச்சி. ரெண்டு பக்கமும் உடைக்கோணும்."

"வாவிப் பக்கம் உடையுங்க அண்ணன். ஒழுங்கைப் பக்கம் வேணாம்."

"ஒரு பக்கம் துறந்தா காத்து வந்து எங்கால போற?"

"வேணாமெண்டா வேணாம்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "பிள்ள இழுக்கிறதக் கேக்கேல்லையா கா நீ?"

புஸ்பம் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருசமாக ஒருவருக்கும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"அவர் நெல்லுச் சாக்குக்குப் பின்னால ஒளிச்சிருந்தார். வந்தவன் ஒழுங்கைப் பக்கத் திறப்பால எட்டிப் பாத்தான். முகம் மட்டுந்தான் தெரிஞ்சது. 'எங்க புருசன்?' எண்டு கேட்டான். நான் இல்லெண்டுதான் சொன்னன். ஆனா என்ட கண் சாக்குப் பக்கம் போயிட்டுது அண்ணன். அவன் என்ட கண்ணத்தான் பாத்துக்கொண்டிருந்தான்."

ஓடாவியார் கீழே வைத்த உளியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "திறப்பு இல்லாட்டியும் கதவ உடைச்சு வந்திருப்பாங்க தங்கச்சி" என்றார்.

"வந்திருப்பாங்க. நான் சாக்குப் பக்கம் பாத்திருக்கமாட்டன்."

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. நாலு மூலைக்கும் பாலைச் சட்டம் பூட்டி முளை இறுக்கினார். வாவிப் பக்கத்து மண்ணைத் தட்டி விழுத்தினார். வேலை இரண்டு நாள் எடுத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அவர் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்க, உள்ளே அன்னப்பூரணிக்கு மறுபடி இழுப்புத் தொடங்கியது. உதடு கறுத்தது. புஸ்பம் அவளைத் தூக்கி வாவிப் பக்கத்துத் திறப்புக்குக் கீழே இருத்தினாள். கிடுகின் ஓலைநுனிகூட அசையவில்லை.

ஓடாவியாரின் இரும்பு அலவாங்கை எடுத்தது புஸ்பந்தான். உரலைப் புரட்டி அதன்மேல் ஏறி, ஒழுங்கைப் பக்க மண்ணைக் குத்தினாள். கட்டி கட்டியாக விழுந்தது. பூஞ்சணம் பிடித்த சாக்கை இரண்டு கையாலும் இழுத்து எறிந்தாள். ஓடாவியார் உதவிக்குப் போனார், அவள் விடவில்லை. திறப்பு முழுதாகத் தெரிந்ததும் இறங்கி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாவிக் காற்று அவர்களுடைய தலைக்கு மேலால் ஊடறுத்துப் போனது.

பிள்ளையின் இழுப்பு முற்றாகத் தீரவில்லை, குறைந்தது. ஹெலிப் பயம் இருந்தும் நெல் அவிப்பதைக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். வீடு பிறகு சாயவில்லை. சீனித்தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. ஒழுங்கையில் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டால் புஸ்பம் ஒரு சீலையை எடுத்து அந்தத் திறப்பில் தொங்கவிடுவாள். சத்தம் போன பிறகும் அவள் அதைத் தொடமாட்டாள். அன்னப்பூரணிதான் ஏறி அவிழ்ப்பாள்.