சாந்தி சொன்னதும் நான் சொன்னதும்

மஹய்யாவவில் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த சாந்திக்குச் சிங்களம் விளங்கும், கோர்வையாகப் பேச வராது. அதனால் அவளோடு நானும் பொலிஸுக்குப் போனேன். அவள் வேலை செய்த புடவைக்கடை முதலாளி, சாமான் அறையில் வைத்து அவளைப் பலாத்காரம் செய்திருந்தான். அவனுடைய தம்பி எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான்.

சாந்தி நடந்ததை ஒளிக்காமல் தமிழில் சொன்னாள். எனக்கு நாக்கு கூசியது. முதலாளி கையைப் பிடித்துத் தொந்தரவு செய்தார் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அவள் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். பெண் பொலிஸ் அதை எழுதத் தொடங்கினார்.

சாந்தி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, நான் அப்புடியா சொன்னேன்? கையப் புடிச்சதுக்கு அவன என்னா செய்வாங்க? நடந்தத அப்புடியே சொல்லுங்க."

தம்பிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மிஸ், நான் சொன்னது பிழை," என்று தொடங்கி, ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதியதை வெட்டிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

முதலாளி இப்போது விளக்கமறியலில் அடைபட்டிருக்கிறான். அன்று சாந்தி என் கையைப் பிடித்திருக்காவிட்டால், அவனைத் தப்பவிட்டவள் நானாகத்தான் இருந்திருப்பேன்.